ஃபைல்ஸ்டோரிலிருந்து புளூஸ்டோருக்கு: ஓடிக்கொண்டிருந்த செஃப் கிளஸ்டரில் 72 டிஸ்க்குகளை மாற்றியது

செஃப் என்பது பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பகமாக இணைக்கும் மென்பொருள். அதில் ஒவ்வொரு டிஸ்க்கையும் கவனிக்கும் நிரல் ஓஎஸ்டி; அது தரவை வைக்கும் பழைய வடிவம் ஃபைல்ஸ்டோர், புதியது புளூஸ்டோர். செஃப் கிளஸ்டரில் ஃபைல்ஸ்டோர் ஓஎஸ்டி ஒன்றை இருந்த இடத்திலேயே புளூஸ்டோராக மாற்ற வழி கிடையாது. தரவை அப்படியே வைத்துக்கொண்டு வடிவத்தை மட்டும் மாற்றித் தரும் கட்டளை எதுவும் இல்லை. ஓஎஸ்டியை அழித்து, டிஸ்க்கைத் துடைத்து, வெறும் டிஸ்க்கில் புதிதாக ஓஎஸ்டி உருவாக்கி, மற்ற பிரதிகளிலிருந்து தரவு வந்து நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு டிஸ்க்கும் ஒருமுறை அழிந்தே ஆக வேண்டும் என்பதுதான் இதன் நேரடிப் பொருள். 72 டிஸ்க்குகள் என்றால் 72 முறை. எப்போது அழிக்கலாம் என்பதைக் கிளஸ்டர் சொல்ல வேண்டும், நாம் ஊகிக்கக் கூடாது. கீழே வரும் முடிவுகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வந்தவை.

மாற்றத்துக்கான காரணம் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாக. ஃபைல்ஸ்டோர் ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் (செஃப் தரவைச் சேமிக்கும் அலகு) எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை மேல் ஒரு கோப்பாக வைக்கும். முதலில் ஜர்னலில் எழுதி, பிறகு கோப்பிலும் எழுதும்; எல்லாம் இரண்டு தடவை. புளூஸ்டோர் இடையில் கோப்பு முறைமை இல்லாமல் டிஸ்க்கோடு நேராகப் பேசும், மெட்டாடேட்டாவை ராக்ஸ்டிபி என்ற தரவுத்தளத்தில் வைக்கும், எல்லாவற்றுக்கும் செக்சம் (தரவு கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) போடும். 2017 ஆகஸ்டில் வந்த லூமினஸ் வெளியீட்டிலிருந்து புதிய ஓஎஸ்டிகளுக்கு அதுதான் இயல்பு. 2022இல் குவின்சி வந்தபோது ஃபைல்ஸ்டோர் கைவிடப்படுவதாக அறிவித்தார்கள். 2023இல் ரீஃப் வந்தபோது அடியோடு எடுத்துவிட்டார்கள். ஆக, ரீஃபுக்குப் போக வேண்டுமானால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கிளஸ்டரின் அமைப்பு

யாருடைய கிளஸ்டர் என்பது இங்கே தேவையில்லை. ஆறு நோடுகள் (சர்வர்கள்). ஒவ்வொன்றிலும் 4 டிபி ஹார்ட் டிஸ்க் 12, ஜர்னலுக்காக 480 ஜிபி எஸ்எஸ்டி 2, ரேம் 64 ஜிபி. மெய்நிகர் இயந்திரங்களின் டிஸ்க் படிமங்கள் மூன்று பிரதி பூலில். ஆப்ஜெக்ட் கேட்வேயின் தரவு 3+2 இரேஷர் கோடிங் பூலில்; அதாவது தரவு மூன்று துண்டாகப் பிரியும், மீட்புக்காக இரண்டு துண்டு கூடச் சேரும். இரண்டுக்குமே தோல்வி எல்லை நோடுதான்: ஒரே தரவின் இரண்டு பிரதிகளோ துண்டுகளோ ஒரே நோடில் இருக்காது. ஓடிக்கொண்டிருந்த பதிப்பு நாட்டிலஸ். மொத்த இடத்தில் 62% நிரம்பியிருந்தது.

முதலில் பதிப்பு, பிறகு டிஸ்க்

வேலையைத் தொடங்கும் முன் ஒரு விவாதம் நடந்தது. நாட்டிலஸிலேயே மாற்றத்தை முடித்துவிட்டுப் பிறகு பதிப்பை உயர்த்தலாமா, அல்லது பசிஃபிக் வரை உயர்த்திவிட்டு மாற்றலாமா? "ஓடுகிற பதிப்பிலேயே முடித்துவிடுவோம், ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் வேண்டாம்" என்பது நியாயமான வாதம். ஆனாலும் எங்கள் தேர்வு பசிஃபிக். காரணம், புளூஸ்டோர் குறைந்தபட்சமாக ஒதுக்கும் துண்டின் அளவு. ஹார்ட் டிஸ்க்கில் அது பழைய வெளியீடுகளில் 64 கேபி, பசிஃபிக்கிலிருந்து 4 கேபி. ஓஎஸ்டியை உருவாக்கும் நொடியில் எந்த அளவு பதிகிறதோ அதுவே கடைசிவரை. பிறகு கட்டமைப்புக் கோப்பில் மாற்றினாலும் பயனில்லை. வேண்டாம் என்றால் மறுபடி அழித்து உருவாக்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு ஒரு கணக்கு. 3+2 பூலில் 12 கேபி அளவுள்ள சின்ன ஆப்ஜெக்ட் ஒன்று வருகிறது. அது 4 கேபி துண்டுகளாக மூன்று தரவுத் துண்டு, இரண்டு மீட்புத் (பாரிட்டி) துண்டு என ஐந்து ஓஎஸ்டிகளுக்குப் போகும். ஒதுக்கீடு 4 கேபி என்றால் மொத்தம் 20 கேபி. 64 கேபி என்றால் ஐந்து அறுபத்து நான்கு, 320 கேபி. ஆப்ஜெக்ட் கேட்வேயில் சின்னக் கோப்புகள் குவிந்து கிடக்கும் கிளஸ்டரில், மாற்றத்தின் பாதியிலேயே இடம் தீர்ந்துபோக இது ஒன்றே போதும். நாட்டிலஸிலிருந்து பசிஃபிக்குக்கு நேராகத் தாவலாம்; பசிஃபிக்கில் ஃபைல்ஸ்டோர் ஓஎஸ்டிகளும் ஓடும். ஒரே கிளஸ்டரில் இரண்டு வடிவங்களும் அருகருகே இருப்பதிலும் சிக்கல் இல்லை, வடிவம் என்பது ஒவ்வொரு ஓஎஸ்டியின் சொந்த விஷயம். எனவே பதிப்பு உயர்வு முன்னால் வந்தது.

எந்த வழி

வழிகள் மூன்று. முதலாவது, டிஸ்க்கை அழித்துவிட்டு உடனே புதிதாக உருவாக்கி நிரம்பவிடுவது. வேகமானது. ஆனால் அழித்த நொடியிலிருந்து நிரம்பி முடியும்வரை அந்த டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி குறைவு. செஃபின் மொழியில் அது டிகிரேடட். இரண்டாவது, ஓஎஸ்டியை அவுட் செய்துவிட்டு (இனி அதில் தரவு வைக்க வேண்டாம் என்று குறித்துவிட்டு), அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் தரவு வேறிடம் போய் முடியும்வரை காத்திருந்து, அப்புறம் அழிப்பது. இந்த நேரத்தில் தரவு மிஸ்பிளேஸ்ட் மட்டுமே: இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, ஆனால் பிரதிகளின் எண்ணிக்கை குறையவில்லை. ஒவ்வொரு பிளேஸ்மென்ட் குரூப்பும் (ஒன்றாகவே இடம் மாறும் ஆப்ஜெக்ட் தொகுதி, சுருக்கமாக பிஜி) புதிய இடத்தில் முழுமையாகும்வரை பழைய ஓஎஸ்டிதான் வேலை பார்க்கும்.

இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாக நினைப்பவர்கள் அனுபவசாலிகளிலும் உண்டு. நிலைத் திரையில் இரண்டுமே சதவீதமாகத்தான் தெரியும். ஆனால் 16% மிஸ்பிளேஸ்ட் என்பது சுமை மட்டுமே. 16% டிகிரேடட் என்பது ஆபத்து.

இரண்டாவது வழியை டிஸ்க் டிஸ்க்காகச் செய்தால் தரவு நெட்வொர்க்கில் இருமுறை பயணிக்கிறது, வெளியே ஒருமுறை, உள்ளே ஒருமுறை. மூன்றாவது வழி நோடு நோடாகப் போவது. ஒரு நோடை முழுதாகக் காலி செய்து புளூஸ்டோராக்கிக் காலியாகவே நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு எந்தத் தரவு எங்கே போகும் என்று தீர்மானிக்கும் க்ரஷ் வரைபடத்தில் அதையும் அடுத்த பழைய நோடையும் ஸ்வாப்-பக்கெட் கட்டளையால் இடம் மாற்றினால், பழைய நோடின் தரவு நேராகப் புதிய நோடுக்குப் போகும். பழையது காலியானதும் அதை மாற்றி அடுத்ததோடு இடம் மாற்றலாம். காலி நாற்காலி ஒன்றை வைத்துக்கொண்டு வரிசையில் எல்லோரையும் ஒவ்வொரு இடமாக நகர்த்துவது மாதிரி. ஒவ்வொரு நோடின் தரவும் ஒருமுறைதான் பயணிக்கும். முதல் நோடு மட்டும் விதிவிலக்கு. கூடுதல் இயந்திரம் கைவசம் இருந்தால் அதுவும் இல்லை. எங்களிடம் இல்லை.

நாங்கள் இந்த மூன்றாவது வழியில்தான் போனோம். அது எல்லாருக்கும் திறந்த வழி அல்ல. ஆறு நோடில் ஒன்றை வெளியே எடுத்தால் மிச்சம் ஐந்து. 3+2 பூலுக்கு ஐந்து நோடு போதும், சரியாகப் போதும். இதுவே 4+2 பூலாக இருந்திருந்தால் ஆறாவது துண்டை வைக்க இடமில்லாமல், காலி செய்யும் வேலை முடிவே இல்லாமல் நின்றிருக்கும். நோடுகளின் எண்ணிக்கையும் கே, எம் எண்களும் (3+2இல் 3, 2) இவ்வளவு நெருக்கமாக இருக்கும் கிளஸ்டர்களில் டிஸ்க் டிஸ்க்காகப் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

இடக் கணக்கு: சராசரி உதவாது

62% நிரம்பிய ஆறு நோடுகளின் தரவை ஐந்தில் அடக்கினால் சராசரி 74.4%. பார்க்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் நிரம்பி நிற்பது சராசரி அல்ல, ஏதோ ஒரு டிஸ்க். டிஸ்க் வாரியாக நிரம்பலைக் காட்டும் ஓஎஸ்டி டிஎஃப் பட்டியலில் அதிகம் நிரம்பிய டிஸ்க் 71%இல் இருந்தது. அதையும் ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் பெருக்கினால் 85.2%. 85%இல் நியர்ஃபுல் எச்சரிக்கை வரும். 90%இல் பேக்ஃபில் (தரவை நகர்த்தி டிஸ்க்கை நிரப்புவது) நின்றுவிடும். 95%இல் எழுதுவதே நின்றுவிடும். இவை இயல்பு எல்லைகள். நடுவழியில் இந்த எண்களை உயர்த்திச் சமாளிப்பது கடன் வாங்கும் வேலை.

எனவே முதலில் பேலன்சரை அப்மேப் முறையில் ஓடவிட்டு டிஸ்க்குகளுக்கு இடையே இருந்த ஏற்றத்தாழ்வைக் குறைத்தோம். அதிகம் நிரம்பிய டிஸ்க் 65%க்கு இறங்கியது. காலி செய்தபின் எதிர்பார்ப்பு 78%. அப்புறம்தான் பேலன்சரையும், பிஜிகளின் எண்ணிக்கையைத் தானாக மாற்றும் பிஜி ஆட்டோஸ்கேலரையும் அணைத்தோம். தரவு இடம் மாறும் வேளையில் இன்னொரு கை உள்ளே நுழைந்து வேறெதையோ நகர்த்தக் கூடாது.

அழிக்கும் முன் சரிபார்ப்பு

இந்த வேலையில் பலரும் தாண்டிப் போகும் படி இதுதான் என்பது என் எண்ணம். ஃபைல்ஸ்டோர் தன் தரவுக்கு முழுமையான செக்சம் வைத்துக்கொள்வதில்லை. ஆப்ஜெக்டின் விவரத்தில் சில நேரம் டைஜஸ்ட் (முழு ஆப்ஜெக்டுக்கான சரிபார்ப்பு எண்) இருக்கும். ஆனால் ஆப்ஜெக்டின் நடுவில் எங்காவது எழுதப்பட்டால் அது நீங்கிவிடும், மெய்நிகர் டிஸ்க் படிமங்களில் இது எப்போதும் நடப்பது. டைஜஸ்ட் இல்லாத ஆப்ஜெக்டின் ஒரு பிரதி கெட்டிருந்து, பேக்ஃபில் அந்தப் பிரதியிலிருந்தே படித்தால் என்ன ஆகும்? கெட்ட தரவு புளூஸ்டோருக்குப் போய்ச் சேரும், அங்கே அதற்குப் புத்தம்புதிய செக்சம் போடப்படும். அதற்குப் பிறகு புளூஸ்டோரைப் பொறுத்தவரை அது நல்ல தரவு. மாற்றம் பிழையை வெளுத்துக் கொடுத்துவிடும்.

எனவே எல்லா பிளேஸ்மென்ட் குரூப்புகளிலும் டீப் ஸ்க்ரப் (பிரதிகளை முழுதாகப் படித்து ஒப்பிடும் சோதனை) முடியும்வரை எதையும் தொடவில்லை. இயல்பாகவே வாரம் ஒருமுறை ஓட வேண்டியது அது. ஆனால் சுமை அதிகமான கிளஸ்டர்களில் அது பின்தங்கிக் கிடக்கும், இங்கேயும் அப்படித்தான்.

ஸ்க்ரப் ஒரு குரூப்பை இன்கன்சிஸ்டன்ட் என்று காட்டியது. ஆர்பிடி (மெய்நிகர் டிஸ்க் படிமம்) ஆப்ஜெக்ட் ஒன்று, மூன்று பிரதி, ஒன்று மட்டும் வேறாக இருந்தது. பட்டியலிட்டுப் பார்த்தால் டைஜஸ்ட் பொருந்தவில்லை என்று மட்டும் சொன்னது. எந்தப் பிரதி தவறு என்று சொல்லவில்லை, ஒப்பிட ஆப்ஜெக்டின் விவரத்தில் டைஜஸ்ட் இல்லை. இங்கே கை தானாக பிஜி ரிப்பேர் கட்டளைக்குப் போகும். போகக் கூடாது. செஃப் வாக்கெடுப்பு நடத்துவதில்லை, பெரும்பான்மை பார்ப்பதில்லை. குறை தெரியாத பிரதிகளுக்குள் முதன்மைப் பிரதியைத்தான் அது நாடும். அந்த முதன்மை கெட்டதாக இருந்தால் நல்ல இரண்டையும் அது மேலெழுதும்.

ஃபைல்ஸ்டோரின் ஒரு வசதி இங்கே கைகொடுத்தது. ஆப்ஜெக்ட் வெறும் கோப்புதானே. மூன்று நோடுகளிலும் அந்தக் கோப்பைத் தேடி எம்டி5 (கோப்பின் உள்ளடக்கத்துக்கான கைரேகை எண்) எடுத்தால் போதும். முதன்மையின் எண் மட்டும் தனியாக நின்றது. கர்னல் பதிவில் அதே டிஸ்க்கின் படிப்புப் பிழைகளும் இருந்தன. அந்த ஓஎஸ்டியை நிறுத்தி, ஆப்ஜெக்ட்ஸ்டோர் கருவியால் கெட்ட பிரதியைப் பத்திரமாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஓஎஸ்டியைத் திரும்பக் கிளப்பி, அப்புறம் ரிப்பேர். இப்போது அதற்கு நல்ல பிரதிகளைத் தவிர வேறு எதுவும் கிடையாது. டிஸ்க்கையும் மாற்றியாகிவிட்டது. புளூஸ்டோரில் இப்படிக் கோப்பை நேரில் பார்க்கும் வழி இல்லை, ஆனால் கெட்ட பிரதி எது என்பதை அதன் செக்சமே சொல்லிவிடும்.

முதல் நோடு

நோடு 1ஐ க்ரஷ் அன்லிங்க் கட்டளையால் டிஃபால்ட் வேரிலிருந்து (க்ரஷ் வரைபடத்தின் உச்சி) பிரித்தோம். 12 டிஸ்க், ஏறக்குறைய 30 டிபி, எல்லாம் வெளியேறத் தொடங்கியது. ஓஎஸ்டிக்கு ஒரு பேக்ஃபில் என்ற இயல்பு எண்ணைப் பகலில் மாற்றவில்லை, இரவில் மட்டும் உயர்த்தினோம்.

அப்படியும் சில நேரம் ஸ்லோ ரிக்வெஸ்ட் (கோரிக்கைகள் தாமதம்) எச்சரிக்கை வந்தது, அதுவும் தரவைப் பெறும் நோடுகளில். ஃபைல்ஸ்டோர் ஒரு கோப்புறையில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல், இயல்பாக 320க்கு மேல், கோப்பு சேர்ந்தால் அதைப் பிரித்து உள்கோப்புறைகளாக்கும். சின்ன ஆப்ஜெக்டுகள் கூட்டமாக வந்து இறங்கும்போது இந்தப் பிரிப்பும் கூட்டமாக நடக்கும், அந்த நேரத்தில் அந்தக் குரூப்புக்கு வரும் கோரிக்கைகள் காத்துநிற்கும். இதற்குக் குறுக்குவழி எதுவும் இல்லை. வேகத்தைக் குறைத்தோம், முடியட்டும் என்று விட்டோம்.

பேக்ஃபில் நீளும் நாட்களில், கிளஸ்டரின் நிலையைப் பதிந்து வைக்கும் மானிட்டர்களின் டிஸ்க்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாக் குரூப்புகளும் சுத்தமாகும்வரை பழைய ஓஎஸ்டி மேப்புகளை மானிட்டர் கழிக்காது, அதன் தரவுத்தளம் வளர்ந்துகொண்டே போகும். மானிட்டருக்குச் சின்ன ரூட் பார்ட்டிஷன் கொடுத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

மிஸ்பிளேஸ்ட் எண் பூஜ்யத்துக்கு வந்ததும் அழித்துவிடலாமா? கூடாது. சேஃப்-டு-டெஸ்ட்ராய் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அந்த ஓஎஸ்டியை அழித்தால் தரவின் நீடிப்பு குறையாது என்று கிளஸ்டரே உறுதி சொல்லும்வரை அது மறுத்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு குரூப்பின் நிலை அதற்குத் தெரியாவிட்டாலும் மறுக்கும். எங்கள் ஸ்கிரிப்டில் இது ஒரு சுழலில் நின்றது; இது தேறாமல் அடுத்த வரிக்குப் போக வழியே வைக்கவில்லை. ஓகே-டு-ஸ்டாப் என்று பெயரளவில் ஒத்த இன்னொரு கட்டளையும் உண்டு. நிறுத்தினால் சேவை தொடருமா என்பதற்கு மட்டுமே அது பதில் சொல்லும். தற்காலிகமாக நிறுத்த அது போதும், அழிக்கப் போதாது.

துடைத்து மறுபடி கட்டுவது

பழைய ஓஎஸ்டிகளை பர்ஜ் செய்து (கிளஸ்டரிலிருந்து முழுதாக நீக்கி), டிஸ்க்கையும் ஜர்னல் பார்ட்டிஷன்களையும் செஃப்-வால்யூமின் ஜாப் கட்டளையால் துடைத்தோம். எஸ்எஸ்டி ஒன்றை ஆறு லாஜிக்கல் வால்யூமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 70 ஜிபிக்குக் கொஞ்சம் மேல்; 4 டிபி டிஸ்க்கின் ராக்ஸ்டிபி பகுதிக்கு ஏற்ற அளவு. பழைய 5 ஜிபி ஜர்னல் பார்ட்டிஷனையே அதற்குக் கொடுத்தால் ராக்ஸ்டிபி வெகு சீக்கிரம் நிரம்பி ஹார்ட் டிஸ்க்குக்கு வழியும், ஸ்பில்ஓவர் எச்சரிக்கை வரும், எஸ்எஸ்டி இருந்தும் பலன் பாதியாகும். பிரிக்கும் முன் எஸ்எஸ்டியின் தேய்மானத்தை, டிஸ்க்கே தரும் ஸ்மார்ட் விவரத்தில் பார்த்தோம். அது ஒன்று போனால் ஆறு ஓஎஸ்டியும் போகும்.

இரண்டு சின்ன விஷயங்கள், சின்னவை என்றாலும் தொல்லை தருபவை. செஃப்-டிஸ்க் என்ற பழைய கருவியின் காலத்து ஓஎஸ்டிகளுக்கு செஃப்-வால்யூம் சிம்பிள் முறையில் எழுதிய ஜேசன் கோப்புகளும் சிஸ்டம்டி யூனிட்டுகளும் நோடில் தங்கிவிடும். அவற்றை நீக்காவிட்டால், அடுத்த ரீபூட்டில் காணாமல்போன பார்ட்டிஷனைத் தேடி அந்த யூனிட்டுகள் திரும்பத் திரும்ப முயன்று தோற்கும். இன்னொன்று, நோடு 1இன் க்ரஷ் பக்கெட்டை (வரைபடத்தில் அந்த நோடுக்கான இடம்), காலியாகவே இருந்தாலும், அழிக்கக் கூடாது. புதிய ஓஎஸ்டி எழுந்ததும் தன் நோடின் பெயரில் உள்ள பக்கெட்டைத் தேடும். இருந்தால் அதில் உட்காரும், வேரோடு சேராது. இல்லையென்றால் டிஃபால்ட் வேரின் கீழ் தானே ஒன்றை உருவாக்கிக்கொண்டு அந்த நொடியிலேயே தரவை இழுக்கத் தொடங்கிவிடும்.

நினைவகக் கணக்கும் மாறுகிறது. ஃபைல்ஸ்டோர் லினக்ஸின் பேஜ் கேஷை நம்பியது, யாராவது கேட்டால் கர்னல் விட்டுக்கொடுக்கும். புளூஸ்டோர் தன் கேஷைத் தானே வைத்துக்கொள்ளும், ஓஎஸ்டிக்கு 4 ஜிபி இலக்கு. 12 ஓஎஸ்டிக்கு 48 ஜிபி, 64 ஜிபி நோடில். அது இலக்குதான், உச்ச வரம்பு அல்ல. மீட்பு நேரங்களில் தாண்டும். 3 ஜிபியாகக் குறைத்து வைத்தோம்.

புதிய ஓஎஸ்டிகள் எழுந்தபோது, ஒரு பைட் கூட எழுதாத டிஸ்க்கில் எழுபது ஜிபி பயன்பட்டதாகக் காட்டியது. பயப்பட வேண்டியதில்லை: தனியாக வைத்த ராக்ஸ்டிபி பகுதியின் அளவு பயன்பட்ட இடத்தோடு சேர்ந்து வருகிறது.

இடமாற்றச் சுற்று, நடுவில் ஒரு மரணம்

நோடு 1ஐயும் நோடு 2ஐயும் ஸ்வாப் செய்ததும் தரவு ஓட ஆரம்பித்தது. நோடு மட்டத்தில் க்ரஷ் கணக்கு மாறாததால் மற்ற நான்கு நோடுகளுக்கு இடையே பெரிதாக எதுவும் நகரவில்லை. பெறும் ஒவ்வொரு டிஸ்க்கும் கிட்டத்தட்ட 3 டிபி எழுத வேண்டும். நொடிக்கு 50 எம்பி என்று வைத்தாலே பதினாறரை மணி நேரம். சின்ன ஆப்ஜெக்டுகள் நிறைந்த பூலில் அந்த வேகமும் கிடைக்காது. இந்த மதிப்பீட்டை மேலாளரிடம் சொல்லும்போது இரண்டால் பெருக்கிச் சொல்வது நல்லது.

நோடு 3இன் தரவு நகர்ந்துகொண்டிருந்தபோது நோடு 5இல் ஒரு டிஸ்க் செத்தது. பழைய டிஸ்க்குகளை நாள் முழுக்கப் படிக்க வைத்தால் இது வரும் என்று எதிர்பார்த்ததுதான். நாரீபேலன்ஸ் கொடியை ஏற்றினோம். அது இருக்கும்வரை மிஸ்பிளேஸ்ட் மட்டுமான குரூப்புகளின் பேக்ஃபில் நிற்கும், டிகிரேடட் குரூப்புகள் மட்டும் நகரும். செத்த டிஸ்க் தானாக அவுட் ஆனதும் அதன் பங்கை அதே நோடின் மீதி 11 டிஸ்க்குகள் ஏற்றன. அங்கே சராசரி 81%க்கு ஏறியது, ஒரு டிஸ்க் நியர்ஃபுல் எச்சரிக்கையைத் தொட்டது. பேக்ஃபில் எல்லைக்கு இன்னும் இடம் இருந்தது. டிகிரேடட் பூஜ்யமானதும் கொடியை இறக்கினோம். பயனாளர் தரப்பில் யாரும் ஒரு டிக்கெட் கூடப் போடவில்லை.

இதே டிஸ்க், முதல் வழியில், நோடு 3ஐ நேரடியாக அழித்துவிட்டு நிரப்பிக்கொண்டிருக்கும்போது செத்திருந்தால்? நோடு 3ஐயும் அந்த டிஸ்க்கையும் பகிர்ந்த குரூப்புகளுக்கு மூன்றில் ஒரே பிரதி மிஞ்சியிருக்கும். குறைந்தபட்சம் இரண்டு பிரதி என்ற எல்லைக்குக் கீழே போனதால் அந்தக் குரூப்புகளில் படிப்பதும் எழுதுவதும் நின்று, மெய்நிகர் இயந்திரங்கள் உறைந்திருக்கும். அந்த ஒரு பிரதியும் அதே வயதுள்ள ஒரு டிஸ்க்கில்தான் இருந்திருக்கும். சில வார வேகத்துக்காக அந்த வழியைப் பரிந்துரைப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுக் காட்ட வேண்டும்.

மற்ற நோடுகளில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. புளூஸ்டோர் நோடுகள் கூடக்கூட ஸ்லோ ரிக்வெஸ்ட் எச்சரிக்கைகள் குறைந்தன. தரவைப் பெறுவது எப்போதும் புளூஸ்டோராகவே இருந்ததால் கோப்புறைப் பிரிப்புத் தொல்லை முதல் நோடோடு முடிந்துவிட்டது.

கடைசியாக நோடு 6 காலியாகி, மாறி, தனியே நின்றது. அதை க்ரஷ் மூவ் கட்டளையால் டிஃபால்ட் வேரின் கீழ் சேர்த்தோம். ஆறில் ஒரு பங்கு தரவு மறுபடி நகர்ந்து அதில் குடியேறியது. கவுன்ட்-மெட்டாடேட்டா கட்டளையில் புளூஸ்டோர் 72 என்று மட்டும் வந்தது, ஃபைல்ஸ்டோர் வரியே இல்லை. எல்லாக் குரூப்புகளும் சுத்தமானதும் மானிட்டர் தரவுத்தளம் தானாகச் சுருங்கியது. பேலன்சரைத் திரும்பப் போட்டோம், ஆட்டோஸ்கேலரை எச்சரிக்கை நிலையில் மட்டும் வைத்தோம், பேக்ஃபில் எண்களை இயல்புக்குக் கொண்டுவந்தோம். டீப் ஸ்க்ரப் இன்னொரு முழுச் சுற்று முடிந்து பிழை எதுவும் இல்லை என்று வந்தபிறகே ரீஃபுக்கான தேதி குறித்தோம். பசிஃபிக்கிலிருந்து அதற்கும் நேராகத் தாவலாம்.